கல்லாப் பெட்டியைப் பூட்டினோம். கணக்குப் பெட்டியைப் பூட்டினோமா?

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், இராமேஸ்வரம் பகுதியில் மளிகைக் கடை வைத்திருப்போருக்கு இந்த நாட்கள் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ரொக்க வியாபாரம் குறையும்; பற்று வியாபாரம் கூடும். அரிசியும் எண்ணெயும் மிளகாய் வற்றலும் கணக்கில் எழுதிக்கொண்டுதான் போகும். படகு இறங்கிய பிறகே பாக்கி வசூல். அதுவரை கடைக்காரரின் முதல், கடையில் உள்ள சரக்கில் பாதியும் பற்றுக் கணக்கில் பாதியுமாக நிற்கிறது.

முன்பு அந்தக் கணக்கு பேரேட்டில் இருந்தது. இன்று நம்மில் பலருக்குக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பேரேட்டை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிய நாம், கம்ப்யூட்டர் கணக்கை அப்படிக் காக்கிறோமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

உள்ளே இருக்கும் கணக்குப்பிள்ளை

பில் போடும் சாப்ட்வேர் என்பது கவுண்டரில் நிற்கும் ஆள் மாதிரி. அவர் கேட்பார், சொல்வார், பில்லைக் கிழித்துத் தருவார். கணக்கை எழுதி வைப்பவர் வேறொருவர். உள்ளறையில் உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளை. அவருக்குத்தான் டேட்டாபேஸ் சர்வர் என்று பெயர். நான்கு கவுண்டர் இருந்தாலும் நான்கும் இந்த ஒருவரிடமே கேட்டு எழுதுகின்றன.

கணக்கை வரிசையும் கட்டமுமான அட்டவணைகளாகப் பிரித்து, ஒன்றோடொன்று தொடர்புபடுத்தி வைக்கும் இந்த முறையை ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970-ல் வகுத்தார். இம்முறையில் இயங்கும் சர்வர்களில் மூன்று, லைசென்ஸ் கட்டணமின்றிக் கிடைப்பவை. 1995-ல் ஸ்வீடனில் தொடங்கிய மைஎஸ்கியூஎல், அதிலிருந்து 2009-ல் பிரிந்த மரியாடிபி, அமெரிக்காவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் 1986-ல் தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்த போஸ்ட்கிரஸ். மும்பையைச் சேர்ந்த பிராப்பே நிறுவனத்தின் ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற வணிகக் கணக்கு சாப்ட்வேர் மரியாடிபியின் மேல் இயங்குவது. சிறு கடைகளுக்கான பில்லிங் சாப்ட்வேர்கள் பலவற்றின் அடியிலும் இம்மூன்றில் ஒன்று இருக்கும். (டாலி இந்த வகையில் சேராது, அது தன் கணக்கைச் சொந்த வடிவில் வைத்துக்கொள்வது. ஆனால் பேக்கப் பற்றிக் கீழே சொல்வது அதற்கும் பொருந்தும்.)

இலவசம் என்பது சாப்ட்வேருக்குத்தான், பராமரிப்புக்கு அல்ல. தானமாக வந்த கன்றுக்குட்டிக்கும் தீவனம் நாம்தான் போட வேண்டும்.

சிட்டை முதலில், பேரேடு பிறகு

நம் பெரியவர்கள் விற்பனையை உடனே பேரேட்டில் ஏற்றியதில்லை. முதலில் சிட்டையில் எழுதுவார்கள். ஓய்வான நேரத்தில் பேரேட்டில் பெயர்வாரியாக ஏற்றுவார்கள். பாதியில் ஏதாவது தடங்கல் வந்தால் சிட்டையைப் பார்த்து மறுபடி ஏற்றலாம். டேட்டாபேஸ் சர்வரும் இதையேதான் செய்கிறது. பில் போட்டவுடன் லாக் என்ற சிட்டைக் கோப்பில் எழுதிவிடும். பேரேடாகிய டேட்டா கோப்பில் பிறகு ஏற்றும்.

இதனால் நமக்கு என்ன பயன்? கரண்ட் திடீரென்று போய், சர்வர் பாதி வேலையில் அணைந்துவிட்டால், மறுபடி போட்டதும் அது சிட்டையைப் படித்து விட்டுப்போனதை ஏற்றிக்கொள்ளும். இதற்குச் சில நிமிடங்கள் ஆகலாம். அந்த நேரத்தில் "வேலை செய்யவில்லை" என்று பதறி மறுபடி மறுபடி அணைத்துப் போடக் கூடாது. மாத்திரை வேலை செய்யுமுன் அடுத்த மாத்திரை கொடுப்பது போன்றது அது.

ஒரு எச்சரிக்கை. மைஎஸ்கியூஎல் 5.5-க்கு முந்தைய பதிப்புகளில், மைஐசாம் என்ற சிட்டை இல்லாத முறையே வழக்கமாக இருந்தது. 2010-க்கு முன் எழுதிய பழைய சாப்ட்வேரில் இன்னும் அது இருக்கலாம். கரண்ட் போனதும் "டேபிள் கிராஷ்டு" என்று அடிக்கடி வந்தால் காரணம் இதுவாக இருக்கக்கூடும். சாப்ட்வேர்காரரிடம் சொல்லி இன்னோடிபி என்ற முறைக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

பில் வரவில்லை, என்ன செய்வது?

ஆடி அமாவாசைக் கூட்டத்தில் பில் நின்றுவிட்டால் கை நடுங்கத்தான் செய்யும். வரிசையாகப் பார்த்தால் பாதிக் கோளாறுக்குக் காரணம் நமக்கே தெரிந்துவிடும்.

1. ஒரு கவுண்டரா, எல்லாமா? ஒன்று மட்டும் நின்றால் குறை அந்தக் கம்ப்யூட்டரில் அல்லது அதன் கேபிளில். எல்லாம் நின்றால் சர்வரைப் பார்க்க வேண்டும்.

2. சர்வர் ஓடுகிறதா? விண்டோஸில் 'சர்வீசஸ்' பட்டியலைத் திறந்து மைஎஸ்கியூஎல், மரியாடிபி அல்லது போஸ்ட்கிரஸ் பெயருக்கு எதிரே 'ரன்னிங்' என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஒருமுறை 'ஸ்டார்ட்' கொடுக்கலாம். மறுபடி நின்றால் மேலும் முயல வேண்டாம்.

3. டிஸ்க்கில் இடம் இருக்கிறதா? இடம் தீர்ந்தால் கணக்குப்பிள்ளைக்கு எழுதக் காகிதம் இல்லை என்று பொருள். வேண்டாத படங்களையும் பழைய டவுன்லோடுகளையும் நீக்குங்கள். சர்வரின் சொந்தக் கோப்புகளில் கை வைக்கக் கூடாது.

4. எர்ரர் லாக் என்ன சொல்கிறது? சர்வர் தன் குறைகளை ஒரு கோப்பில் எழுதி வைக்கிறது. மைஎஸ்கியூஎல்லில் அது பெரும்பாலும் டேட்டா போல்டருக்குள் கம்ப்யூட்டரின் பெயரோடு இருக்கும். கடைசி இருபது வரிகளைப் போட்டோ எடுத்துச் சாப்ட்வேர்காரருக்கு அனுப்புங்கள். "ஓடவில்லை" என்று மட்டும் சொல்வதைவிட இது பத்து மடங்கு உதவும்.

மைஎஸ்கியூஎல், மரியாடிபி காட்டும் எண்களில் சிலவற்றை எழுதிக் கல்லாவில் ஒட்டி வைக்கலாம். 2003 என்றால் சர்வரை எட்ட முடியவில்லை: அது அணைந்திருக்கும், முகவரி மாறியிருக்கும், அல்லது பயர்வால் மறித்திருக்கும். 1045 என்றால் பாஸ்வேர்டு தவறு. 1040 என்றால் ஒரே நேரத்தில் வந்த இணைப்புகள் வரம்பை மீறின. மைஎஸ்கியூஎல்லில் அமைத்துத் தரும் வரம்பு 151. நான்கு கவுண்டர் கடை அதைத் தொட்டால், சாப்ட்வேர் திறந்த கதவை மூடாமல் போகிறது என்று பொருள். எண்ணைக் கூட்டினால் தீராது.

தமிழில் அடித்த வாடிக்கையாளர் பெயர் கேள்விக்குறிகளாக வந்தால் எழுத்துமுறை அமைப்பில் பிழை. உடனே சொல்ல வேண்டும். கேள்விக்குறியாகவே பதிவாகிவிட்ட பெயரைப் பிறகு மீட்க இயலாது.

செய்யக் கூடாதவை

சர்வர் எழவில்லை என்றால் முதல் வேலை, சர்வீஸை நிறுத்திவிட்டு டேட்டா போல்டர் முழுவதையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுப்பதுதான். அதன் பிறகே எந்த வைத்தியமும். நகல் எடுக்குமுன் கீழ்க்கண்டவற்றை யார் சொன்னாலும் அனுமதிக்க வேண்டாம்.

• சர்வரை அழித்து மறுபடி போடுவதும், கம்ப்யூட்டரை பார்மட் செய்வதும்.

• ஐபிடேட்டா, ஐபிலாக் என்ற பெயரில் தொடங்கும் கோப்புகளை நீக்குவது. முதலாவது பேரேடு, இரண்டாவது சிட்டை.

• இன்னோடிபியின் கட்டாய மீட்பு முறையை 4 அல்லது அதற்கு மேற்பட்ட எண்ணில் போடுவது. அது கணக்கை நிரந்தரமாகக் கெடுத்துவிடலாம்.

பழைய பில்லைத் திருத்த நேரடியாக அட்டவணைக்குள் போய் மாற்றுவதும் கூடாது. எலெக்ட்ரானிக் கணக்கில் திருத்திய, நீக்கிய ஒவ்வொரு பதிவுக்கும் தடம் இருக்க வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. விதி.

பேக்கப்: எத்தனை, எங்கே?

ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் போல்டரை அப்படியே நகல் எடுத்தால் அது பேக்கப் ஆகாது. எழுதிக்கொண்டிருக்கும் பேரேட்டைப் போட்டோ எடுத்தது மாதிரி, பாதி வரி இருக்கும், பாதி இருக்காது. மைஎஸ்கியூஎல் டம்ப், மரியாடிபி டம்ப், போஸ்ட்கிரஸுக்கு பிஜி டம்ப் என்று இதற்கென்றே கருவிகள் சர்வரோடு வருகின்றன. கடை அடைத்த பிறகு இரவில் தானாக ஓடும்படி அமைத்துவிடலாம். 'பைனரி லாக்' என்ற தொடர் சிட்டையையும் வைத்துக்கொண்டால், நேற்றிரவுப் பிரதியின் மேல் இன்றைய சிட்டையை ஏற்றி, கோளாறு வந்த நேரம் வரை கணக்கைக் கொண்டுவர முடியும்.

பிரதி மூன்று இருக்கட்டும். ஒன்று கடையில், ஒன்று வீட்டில், ஒன்று இந்தக் கடற்கரைக்கு வெளியே. மதுரையில் உள்ள உறவினர் வீட்டிலோ, பாஸ்வேர்டு போட்டு கிளவுடிலோ வைக்கலாம். இது வீண் செலவல்ல. 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்ததும், பாம்பன் ரயில் பாலத்தைச் சீர்செய்ய 46 நாட்கள் ஆனதும் நாம் அறிந்ததே. 2024 நவம்பர் 20-ல் இராமேஸ்வரத்தில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. கடையும் வீடும் ஒரே தெருவில் இருந்தால் இரண்டு பிரதியும் ஒரே தண்ணீரில் போகும். சர்வர் பெட்டியைத் தரையில் வைக்காமல் மேடையில் வைப்பதும், யு.பி.எஸ். பேட்டரியைச் சோதிப்பதும், உப்புக்காற்று படாத அறையில் வைப்பதும் இதோடு சேர்ந்தவை.

திறந்து பார்க்காத பிரதி

பேக்கப் ஓடுகிறது என்று நம்புவது வேறு. அதிலிருந்து கணக்கு திரும்பி வருவது வேறு. இதற்கு உலகறிந்த உதாரணம் கிட்லேப் நிறுவனம். சாப்ட்வேர் எழுதுவோர் தங்கள் வேலையைச் சேர்த்துவைக்கும் சேவை அது; கணக்கு போஸ்ட்கிரஸில் இருந்தது. 2017 ஜனவரி 31 இரவு, துணை சர்வரின் போல்டரை அழிக்க நினைத்த பொறியாளர், பிரதான சர்வரில் அந்தக் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு விநாடியில் நிறுத்தியும், சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி.

பேக்கப்பைத் தேடினார்கள், இருக்க வேண்டிய இடம் காலி. டம்ப் கருவியின் பதிப்பும் சர்வரின் பதிப்பும் பொருந்தாமல் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்த ஒரு பிரதியே காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரக் கணக்கு போனது போனதுதான். இத்தனையையும் அந்நிறுவனமே மறைக்காமல் வெளியிட்டது.

பெரிய பொறியாளர் படை உள்ள இடத்திலேயே இது நடந்தது. ஆகவே மாதம் ஒருமுறை வேறொரு கம்ப்யூட்டரில் பேக்கப்பை ஏற்றிப் பாருங்கள். மூன்றைச் சரிபார்த்தால் போதும்: கடைசி பில் எண், மொத்தப் பாக்கித் தொகை, ஏதாவது ஒரு சரக்கின் இருப்பு. மூன்றும் பொருந்தினால் அது பேக்கப். பொருந்தாவிட்டால் வெறும் கோப்பு.

தெருக்கதவைத் திறந்து போடாதீர்கள்

வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்கும் வசதிக்காகச் சிலர் சர்வரின் வாசலை இன்டர்நெட்டுக்கு நேரடியாகத் திறந்துவிடுகிறார்கள். மைஎஸ்கியூஎல்லுக்கு 3306, போஸ்ட்கிரஸுக்கு 5432 என்று அந்த வாசல் எண்கள் உலகத்துக்கே தெரிந்தவை. 2017 பிப்ரவரியில் இப்படித் திறந்து கிடந்த மைஎஸ்கியூஎல் சர்வர்களில் பாஸ்வேர்டை ஊகித்து நுழைந்தவர்கள், கணக்கை அழித்துவிட்டு 0.2 பிட்காயின் கேட்டு சீட்டு எழுதி வைத்தார்கள். வெளியிலிருந்து பார்க்க வேண்டுமானால் வி.பி.என். வழியாக மட்டும் வர வேண்டும். 'ரூட்' என்ற முதலாளி சாவி கவுண்டர் பையன்களிடம் இருக்கக் கூடாது. விலகிய பணியாளரின் பாஸ்வேர்டை அன்றே நீக்க வேண்டும்.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது

ஆண்டுக் கணக்குத் தாக்கலுக்கான கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-வது பிரிவு. விபத்தாலோ இயற்கைச் சீற்றத்தாலோ அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி எலெக்ட்ரானிக் கணக்குக்குப் பேக்கப் இருக்க வேண்டும் என்கிறது 57-வது விதி. "புயலில் போய்விட்டது" என்பது பதிலாகாது.

சாப்ட்வேர்காரரிடம் கேளுங்கள்

ஆண்டுப் பராமரிப்புப் பணம் கட்டுமுன் ஐந்து கேள்விகள்:

1. நம் கணக்கு எந்த சர்வரில், எந்தப் பதிப்பில் இருக்கிறது? அதற்கு இன்னும் பாதுகாப்புத் திருத்தம் வருகிறதா? (மைஎஸ்கியூஎல் 5.7-க்கு 2023 அக்டோபரோடு நின்றுவிட்டது.)
2. ரூட் பாஸ்வேர்டு முதலாளியாகிய நம்மிடம் எழுத்தில் இருக்கிறதா?
3. பேக்கப் எத்தனை மணிக்கு ஓடுகிறது? தோற்றால் யாருக்குத் தகவல் வரும்?
4. கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள்?
5. நாளை நீங்கள் தொழிலை விட்டாலும் நம் கணக்கை நாமே எடுக்க முடியுமா?

ஐந்துக்கும் நேராகப் பதில் தருபவரை விடாதீர்கள். தடுமாறினால், வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் வேறொருவரையும் கலந்து பாருங்கள். பற்றுக் கணக்கு நம் முதல். வாடிக்கையாளர் நம்மேல் வைத்த நம்பிக்கையும் அதில்தான் எழுதப்பட்டிருக்கிறது. இந்த வாரம் கடை அடைத்த பிறகு அரை மணி நேரம் ஒதுக்கி, ஒரே ஒரு பேக்கப்பையாவது ஏற்றிப் பார்த்துவிடுவோம்.