மீட்டியோர் 350 வாங்கப் போறீங்களா? 9% வட்டிக்குள்ள ஒளிஞ்சிருக்கும் 16%

போன மாசம் ஒரு தம்பி ரெண்டு கொட்டேஷனை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். ஐடி கம்பெனியில் ரெண்டு வருஷ அனுபவம், கைக்கு வர்ற சம்பளம் 34,000 ரூபாய். ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350 வாங்கணும். பேங்க்ல 11% வட்டி, ஷோரூம்ல இருக்கிற ஃபைனான்ஸ்ல 9%. "அண்ணா, 9 சதவீதத்தையே எடுத்துடறேன், சரிதானே?" அப்படின்னு கேட்டிருந்தார்.

சரியில்லை. ஏன்னு பார்க்கிறதுக்கு முன்னாடி வண்டியைப் பத்தி ரெண்டு வார்த்தை.

முதல் க்ரூஸர் வாங்குறவங்களுக்கு மீட்டியோர் ஒரு நல்ல தேர்வுதான், அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சீட் உயரம் 765 மில்லிமீட்டர். சிக்னல்ல நிக்கும்போது பெரும்பாலானவங்களுக்கு ரெண்டு காலும் தரையில் பதியும். 20 எச்பி சொச்சம் பவர், 27 நியூட்டன் மீட்டர் டார்க். விரட்டி ஓட்டச் சொல்லாத, நிதானமான இன்ஜின். ரெண்டு வீலுக்கும் ஏபிஎஸ் இருக்கு. ஒரே எச்சரிக்கை, எடை 191 கிலோ. ஓட்டும்போது தெரியாது. அபார்ட்மென்ட் பார்க்கிங்ல பின்னாடி தள்ளி எடுக்கும்போது தெரியும். டெஸ்ட் ரைடு போறப்ப அதையும் ஒரு தடவை செஞ்சு பாருங்க.

இன்ஜின் 349 சிசி. இந்த ஒரு சிசி வித்தியாசத்துல பெரிய பணம் இருக்கு. 2025 செப்டம்பர் 22-லிருந்து 350 சிசி வரைக்கும் உள்ள பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28%-லிருந்து 18% ஆகிடுச்சு. அதுக்கு மேல போனா 40%. விலை குறைஞ்சதும் இந்த வண்டி மேல பல பேருக்கு ஆசை வந்ததுக்கு இதுதான் காரணம்.

ஆனா ஆன்-ரோடு விலைன்னு ஒண்ணு இருக்கே. எக்ஸ்-ஷோரூம் 2 லட்சம்னு வச்சுக்கோங்க. தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேல உள்ள புது டூவீலருக்கு ஆயுள் வரி 12%. அங்கயே 24,000 ரூபாய் போச்சு. அஞ்சு வருஷ தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் கட்டாயம். இந்த சிசி-க்கு அது 7,365 ரூபாய். அதோட நம்ம வண்டிக்கான ஓன் டேமேஜ், பதிவுச் செலவு எல்லாம் சேர்த்தா 2.4 லட்சத்தைத் தொடும். தம்பியோட திட்டம்: எமர்ஜென்சிக்கு வச்சிருந்த 1.1 லட்சத்திலிருந்து 90,000 எடுத்து டவுன் பேமென்ட், மீதி 1.5 லட்சம் லோன், 36 மாசம்.

இப்ப வட்டிக்கு வருவோம். ஷோரூம்ல சொன்ன 9%, ஃப்ளாட் ரேட். பேங்க் சொன்ன 11%, ரெட்யூசிங் ரேட். ரெண்டையும் பக்கத்துல வச்சு ஒப்பிடுறது, கிலோ விலையையும் பவுண்டு விலையையும் ஒப்பிடுற மாதிரி.

ஃப்ளாட்ல 1.5 லட்சத்துக்கு 9% வீதம் மூணு வருஷ வட்டி 40,500 ரூபாய். அசலோட சேர்த்து 36-ஆல வகுத்தா ஈஎம்ஐ 5,292. அதுல அசல் 4,167, வட்டி 1,125. முதல் மாசமும் இதே பிரிப்பு, கடைசி மாசமும் இதே பிரிப்பு. யோசிச்சுப் பாருங்க, 36-வது மாசம் நீங்க தர வேண்டிய அசல் பாக்கி வெறும் 4,167 ரூபாய். அந்தத் தொகைக்கு ஒரு மாச வட்டி 1,125! திருப்பிக் கொடுத்த பணத்துக்கும் சேர்த்து கடைசி வரைக்கும் வட்டி கட்டிக்கிட்டே இருக்கீங்க. இதை ரெட்யூசிங் ரேட்டா மாத்தினா 16 சதவீதத்துக்கு மேல வருது.

பேங்க் கணக்குல பாக்கி இருக்கிற அசலுக்கு மட்டும்தான் வட்டி. 11%-க்கு ஈஎம்ஐ 4,911 ரூபாய், மொத்த வட்டி சுமார் 26,800. ஆக, "கம்மி வட்டி"ன்னு தம்பி தேர்ந்தெடுத்த லோன் அவருக்கு 13,700 ரூபாய் கூடுதல் செலவு. நல்ல ஹெல்மெட், ரைடிங் ஜாக்கெட் ரெண்டும் வாங்கியிருக்கலாம்.

ஷோரூம்ல யாரும் பொய் சொல்லலை. "ஃப்ளாட்" அப்படிங்கிற வார்த்தையை மட்டும் மெதுவா சொன்னாங்க, அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்க நீங்க சிஏ படிக்கணும்னு அவசியமில்லை. 2024 அக்டோபர் 1-லிருந்து புது ரீட்டெயில் லோன் எதுவானாலும் கீ ஃபேக்ட் ஸ்டேட்மெண்ட் கொடுக்கணும்னு ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியிருக்கு. அதுல ஏபிஆர்னு ஒரு வரி இருக்கும். பிராசஸிங் கட்டணமும் சேர்ந்த உண்மையான வருட விகிதம் அது. கையெழுத்துக்கு முன்னாடி அந்தத் தாளைக் கேளுங்க. ரெண்டு லோனோட ஏபிஆரை மட்டும் ஒப்பிடுங்க. "அப்புறம் மெயில்ல வரும் சார்"னு சொன்னா, மெயில் வந்த பிறகு கையெழுத்து போடுங்க.

சிலர் "வட்டிக்கு டேக்ஸ்ல கழிச்சுக்கலாமே"ன்னு கேக்குறாங்க. சம்பளக்காரர்களுக்கு பெட்ரோல் பைக் லோன் வட்டிக்கு எந்தக் கழிவும் கிடையாது. பழைய வரிமுறையிலும் இல்லை, புதுசுலயும் இல்லை.

தம்பி விஷயத்துல வட்டியை விட எனக்கு உறுத்தினது வேற. மாசம் 750 கிலோமீட்டர், மைலேஜ் 35, பெட்ரோல் 100 ரூபாய்னு போட்டா 2,150 ஆகுது. சர்வீஸ், இன்ஷூரன்ஸுக்கு மாசம் ஆயிரம் ஒதுக்கணும். அவர் எடுக்கவிருந்த ஈஎம்ஐ-யோட சேர்த்தா 8,400-ஐத் தாண்டுது, சம்பளத்துல கால்வாசி. வீட்டுக்கு 8,000 அனுப்புறார். கையிருப்போ 20,000-க்கு இறங்கிடும். வேலை போனா ஒரு மாசம் கூடத் தாங்காது.

அதனால அவர்கிட்ட ஒரு ஒத்திகை பார்க்கச் சொன்னேன். வண்டி வந்துட்டதா நினைச்சு மாசம் 8,400 ரூபாயை ஆர்டி-யில போடுங்க. வழக்கம்போல பஸ்ல போங்க. 12 மாசத்துல ஒரு லட்சம் சேர்ந்திருக்கும், எமர்ஜென்சி பணம் அப்படியே இருக்கும், லோன் 1.4 லட்சம் போதும். பேங்க்ல 11%-க்கு ஈஎம்ஐ 4,583. நாலாவது மாசமே ஆர்டி கட்ட முடியலைன்னா, அதே நிலைமைதான் ஈஎம்ஐ-க்கும் வந்திருக்கும். வித்தியாசம் என்னன்னா, ஆர்டி-யை நிறுத்தினா சிபில் ஸ்கோர் அடிவாங்காது.

"ஒரு வருஷமா அண்ணா?"ன்னு கேட்டார். பேசிப் பேசி எட்டு மாசத்துக்கு ஒத்துக்கிட்டார். மூணு தவணை கட்டியாச்சு.

ஏற்கெனவே வண்டி எடுத்துட்டீங்கன்னா ரெண்டு விஷயம். தேர்டு பார்ட்டி அஞ்சு வருஷத்துக்கு இருந்தாலும் ஓன் டேமேஜ் பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குத்தான் போட்டிருப்பாங்க. பாலிசி தாளை எடுத்து தேதியைப் பாருங்க. லோன் முடிஞ்சிருந்தா என்ஓசி, ஃபார்ம் 35 ரெண்டையும் வாங்கி ஆர்டிஓ-ல கொடுத்து, ஆர்சி-யில இருந்து ஃபைனான்ஸ் பேரை எடுத்துடுங்க. விற்கப் போற அன்னைக்கு என்ஓசி தேடி அலையுறவங்களை நான் நிறைய பார்த்துட்டேன்.