சேற்றின் இரு மௌனங்கள்

மாத்தூரிலிருந்து மணலியின் ஆலைகளைக் கடந்து வடகிழக்கே செல்பவர், கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்தை ஓதநீர் வற்றிய வேளையில் அடைவாரானால், எதிரே விரிந்த கருஞ்சேற்றில் ஜீவன் என்பது பெயருக்குக்கூட இல்லை என்றே எண்ணுவார். ஆனால் அச்சேற்றில் ஒரு பிடியை அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் இட்டு அலசினால், நூல்போன்ற புழுக்களும் குன்றிமணி அளவேயான மட்டிகளும் நத்தைகளும் வெளிப்படும். மடவைக்கும் இறாலுக்கும் இரையாவன இவையே.

இவை மனம்போனபடி குடியேறியவை அல்ல. நீரோட்டம் வேகமாயிருக்கும் வாய்ப்புறத்தில் மணல் படிகிறது. அங்கே நீரை வடிகட்டி உண்ணும் மட்டிகள் வாழ்கின்றன. ஓட்டம் தளரும் உட்புறத்தில் நுண்ணிய வண்டலும் மக்கிய இலையும் தங்குவதால், சேற்றையே விழுங்கிச் சத்தைப் பிரித்துக்கொள்ளும் புழுக்களுக்கு அது சுக்ஷேத்திரம். ஓதம் சொற்ப நேரமே நனைக்கும் மேட்டில், ஒற்றைக் கொடுக்குப் பெருத்த ஆண் நண்டுகள் வளைவாசலில் அக்கொடுக்கை அசைத்து நிற்கின்றன. அழுகிய முட்டையின் நாற்றம் வீசும் பிராணவாயுவற்ற சேற்றிலோ, அதைச் சகிக்கும் ஓரிரு புழுவினங்கள் மட்டும் மிகுகின்றன. இனம் குறைந்து எண்ணிக்கை பெருகுவது ஆரோக்கியமன்று, வியாதியின் லக்ஷணம்.

இடத்தைப்போலவே காலமும் இவற்றை ஆள்கிறது. கோடையில் கடலளவு உப்பேறும் இந்நீர், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில், பூண்டி நீர்த்தேக்கத்தின் உபரியும் சேர்ந்து பிரவகிக்கையில் நன்னீராகிவிடுகிறது. மேற்சேறு அரித்துச் செல்லப்பட, உப்பை நம்பிய பிராணிகள் மடிந்து சேறு மௌனமாகிறது. கேரளத்துக் காயல்களில் ஜூன் மாதத்தில் நிகழ்வது இங்கே ஐப்பசியில் நிகழ்கிறது. எனினும் வெள்ளம் வடிந்து, கடல் மீண்டும் உட்புகும்போது, அதனோடு மிதந்துவரும் இளம் புழுக்களும் மட்டிக்குஞ்சுகளும் வெறுஞ்சேற்றில் குடியேறுகின்றன. அந்த மௌனம் பருவத்துக்கு உட்பட்டது.

மற்றொரு மௌனம் பருவம் அறியாதது. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து இறுகிய தரையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு பரவிய எண்ணெயிலும் புழுவின் வளை நிலைப்பதில்லை. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து, மீனவர்களால் காக்கா ஆழி என்றழைக்கப்படும் சிப்பியோ, தன் நார்களால் ஒன்றோடொன்று பிணைந்து ஆற்றடியைப் பாய்போல் மூடிவிடுகிறது. ஆகவே, இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றைத் தடவியே இறால் பிடிக்கும் கைகளுக்கு இன்று பல இடங்களில் அகப்படுவது சேறன்று, ஓட்டின் கூரிய விளிம்பே.