கோலை நம்பிவிடலாம்

உதைபந்தாட்டப் படம் ஒன்று பார்த்துவிட்டு வந்தால் கண்டி மஹய்யாவப் பொடியன்கள் முதலில் சண்டை பிடிப்பது கோலைப் பற்றித்தான். அந்தத் தூரத்திலிருந்து பந்து அப்படி வளையுமா? ஒருத்தன் அத்தனை பேரை வெட்டிக்கொண்டு போவானா? எனக்கு அதில் முறைப்பாடே இல்லை. கோலை நம்பிவிடலாம். மைதானத்துக்கு வெளியே நடப்பதைத்தான் பல படங்களில் நம்ப முடிவதில்லை.

2019 தீபாவளிக்கு வந்த 'பிகில்' படத்தில் தமிழ்நாட்டுப் பெண்கள் அணியின் பயிற்றுநர் மைக்கேல், ஆட்டத்தை விட்டுப்போன இரண்டு பெண்களைத் தேடிப்போய்த் திரும்ப அழைத்து வருகிறார். ஒருத்தி கல்யாணமாகிப் புகுந்த வீட்டில் முடங்கியவள், மற்றவள் முகத்தில் அசிட் வீசப்பட்டவள். அந்தக் காட்சிகளில் எனக்கும் கண் கலங்கியது. ஆனால் விட்டுப்போன கால் மறுபடி 90 நிமிடம் ஓட எத்தனை மாதம் பிடிக்கும், அதுவரை வீட்டை யார் பார்ப்பார்கள் என்பதற்குப் படத்தில் இடமில்லை. உண்மையில் தமிழ்நாட்டுப் பெண்கள் 2018இலேயே, கட்டாக்கில் நடந்த இறுதியாட்டத்தில் மணிப்பூரை வென்று தேசிய சம்பியன்களாகிவிட்டார்கள். அந்த வெற்றியைப் பேசியவர்கள் எத்தனை பேர்?

2018இல் ஸக்கரியா எடுத்த மலையாளப் படமான 'சுடானி ஃப்ரம் நைஜீரியா'வைப் பாருங்கள். அணிக்கு ஏழு பேர் ஆடும் மலப்புறத்துச் செவன்ஸ் உதைபந்தாட்டம்தான் களம். ஆபிரிக்காவிலிருந்து வந்து விளையாடும் சாமுவேலுக்கு அடிபடுகிறது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க அணி மனேஜர் மஜீதிடம் காசில்லை. அதனால் வீட்டுக்குக் கொண்டுபோகிறான். பாஷை தெரியாத உம்மா அவனைப் பிள்ளையாகப் பார்க்கிறாள். சிரிப்பெல்லாம் அந்த வீட்டுக்குள்ளிருந்து வருகிறது. பிறகு கடவுச்சீட்டு சிக்கலாகிறது. கதையின் ஒவ்வொரு திருப்பத்துக்கும் காசோ கடதாசியோ காரணமாக இருப்பதால் ஓட்டை தேடவே மனம் வருவதில்லை.

நம்பவே முடியாத கதை ஒன்று நம் நாட்டிலேயே நடந்தது. 2004இல் ஜேர்மனியின் பவேரியாவுக்கு இலங்கைத் தேசிய ஹேண்ட்போல் அணி என்று சொல்லி 23 பேர் போனார்கள். அப்படியொரு அணியே அப்போது இலங்கையில் இல்லை. விளையாடத் தெரியாமல் படுதோல்வி கண்டு, ஒரு காலை எல்லோருமாக மறைந்துபோனார்கள். உபெர்தோ பசோலினி இதை 'மச்சான்' என்று 2008இல் படமாக்கினார். நம் தர்ஷன் தர்மராஜும் அதில் நடித்தார். கற்பனைக் கதையாக யாராவது எழுதியிருந்தால், விசா எப்படிக் கிடைத்தது என்று கேட்டே கிழித்திருப்போம். படம் அந்தக் கேள்வியைத் தாங்குகிறது. கொழும்புச் சேரியில் கடனோடும் வேலையில்லாமலும் கிடக்கும் அந்த மனிதர்களை அது முதலில் நமக்குப் பழக்கிவிடுகிறது. ஏன் போகிறார்கள் என்று தெரிந்தபிறகு, எப்படிப் போனார்கள் என்பது பெரிதாகத் தெரிவதில்லை.

மஹய்யாவவில் ஒரு உதைபந்தாட்ட நகைச்சுவைப் படம் எடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கண்டி நகரைத் துப்புரவாக வைத்திருக்க வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டுவரப்பட்ட தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். விடியுமுன் மாநகர சபை வேலைக்குப் போகிறவன்தான் பின்னேரம் பந்துக்கு வருகிறான். கடைசி நிமிடத்தில் தலைகீழாகப் பாய்ந்து கோல் அடிக்கட்டும், நான் கைதட்டுவேன். ஆனால் பெரஹர முடிந்த இரவு முழுக்கத் தெருக் கூட்டியவன் மறுநாள் இறுதியாட்டத்துக்கு எப்படி வந்தான், யாருடைய சப்பாத்தை இரவல் வாங்கினான், லீவு கொடுத்தது யார் என்பதை மட்டும் இயக்குநர் காட்டிவிட வேண்டும்.