காசிக்குப் போக ஏற்ற மாதம் எது?

காசிக்குப் போவதென்று தீர்மானித்து விட்டீர்களா? மெத்த சந்தோஷம். அம்மாவையும் அப்பாவையும் அழைத்துக்கொண்டு போகப் போகிறீர்களா? அதைவிடச் சந்தோஷம். ஆனால் டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். எந்த மாதத்தில் போவதாக உத்தேசம்?

"இது என்ன கேள்வி? குழந்தைகளுக்கு மே மாதம்தானே லீவு?" என்பீர்கள். நம் வீடுகளில் வழக்கமாக வருகிற பதில் இதுதான். கொடைக்கானலுக்கு இந்தப் பதில் சரி. காசிக்குச் சரியல்ல. ஆயுளில் ஒரு தடவையாவது என்று பெரியவர்கள் ஆசை வைத்திருக்கும் யாத்திரை அது. கங்கையில் முழுக வந்தவரை ஓட்டல் அறையில், நெற்றியில் ஈரத் துணி போட்டுப் படுக்க வைத்துவிட்டுத் திரும்பும்படி நேரலாமா?

வடக்கே போனால் குளிர்ச்சியாக இருக்கும் என்று நம்மில் பலருக்கு ஓர் எண்ணம். சென்னை இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரியில். காசி இருப்பது 25 டிகிரியில். கடக ரேகையையும் தாண்டிய ஊர். அதோடு, கடலுக்கு வெகு தூரத்தில் இருக்கும் ஊர். சென்னையில் பகலெல்லாம் காய்ந்தாலும் பிற்பகலில் கடற்காற்று வந்து கைகொடுக்கும். காசியில் அப்படி வந்து கைகொடுக்க யாரும் இல்லை. ஆகையால் அங்கே வெயிலும் முழு வெயில். குளிரும் முழுக் குளிர். ஜனவரி இரவுகளில் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும் அதே ஊரில், மே மாதப் பகல்களில் 40 டிகிரிக்கு மேலே ஏறும்.

சித்திரையும் வைகாசியும்

ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதி வரையில் மேற்கேயிருந்து ஒரு காற்று வீசும். அதற்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'லூ'. ராஜஸ்தானத்து மணலில் காய்ந்து வருகிற உலர்ந்த காற்று. அடுப்பு வாயைத் திறந்தாற்போல் முகத்தில் அடிக்கும். வியர்வை வந்த சுவடே தெரியாமல் உலர்ந்துவிடுவதால், உடம்பில் நீர் குறைவதே தெரியாது. வயதானவர்களுக்கு இதுதான் ஆபத்து. 2024 மே மாதக் கடைசியில், காசிக்குப் பக்கத்து மிர்ஜாபூரில், தேர்தல் பணிக்கு வந்தவர்களே பலர் வெயில் தாங்காமல் உயிரிழந்தார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். காசியில் கங்கை வடக்கு நோக்கிப் பாய்கிறது. படித்துறைகள் எல்லாம் மேற்குக் கரையில், கிழக்கே பார்த்து இருக்கின்றன. சூரியன் உதித்ததும் முதல் வெயில் படிக்கட்டில்தான் விழும். ஜூன் மாதத்தில் ஐந்து மணி சுமாருக்கே உதயமாகிவிடும். ஒன்பது மணிக்குள் கல் கொதிக்கும். வெறுங்காலை வைக்க முடியாது. வேறு வழியில்லாமல் அந்த மாதங்களில் போக நேர்ந்தவர்கள் விடியுமுன் ஸ்நானம், உடனே சுவாமி தரிசனம், பத்து மணிக்கு அறை என்று வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு, பின்னாலிருக்கும் கட்டடங்களின் நிழல் படிகளில் விழும் மாலையில் இறங்கினால் போதும்.

ஆடியும் ஆவணியும்

ஜூன் மாதக் கடைசியில் பருவமழை வந்து சேரும். வருஷத்து மழையில் பெரும் பகுதி செப்டம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். உஷ்ணம் கொஞ்சம் இறங்கும். ஆனால் புழுக்கம் பிடுங்கித் தின்னும்.

கங்கையோ வேறு கங்கையாகிவிடும். கோடையில் கிடக்கும் மட்டத்துக்கும் வெள்ளத்தில் நிற்கும் மட்டத்துக்கும் பத்து மீட்டருக்கு மேல் வித்தியாசம் உண்டு. அபாய அளவு 71.26 மீட்டர். 1978 செப்டம்பரில் 73.90 மீட்டர் வரை ஏறி, ஊருக்குள் புகுந்தது. பெருவெள்ளத்தின்போது படித்துறைகள் ஒன்றோடொன்று தொடர்பற்றுப் போகும். தசாசுவமேத கட்டத்தின் மாலை ஆரத்தி பக்கத்துக் கட்டடத்தின் மொட்டை மாடிக்கு ஏறிவிடும். மணிகர்ணிகையில் சிதைகளைக்கூட மேல்தளத்தில்தான் அடுக்குவார்கள்.

படகு விடுவதற்கும் தடை வந்துவிடும். நம்மவர்களுக்கு இதுதான் பெரிய நஷ்டம். அஸி, தசாசுவமேதம், மணிகர்ணிகை, பஞ்சகங்கை, வருணா சங்கமம் என்று ஐந்து கட்டங்களுக்கும் படகில் போய்ப் பிண்டம் வைப்பதற்காகவே காசிக்குப் போகிறவர்கள் உண்டு. படகு இல்லையென்றால் அது எப்படி நடக்கும்?

புரட்டாசியில் மகாளய பக்ஷத்துக்குக் கயைக்குப் போக வேண்டும், அப்படியே காசியையும் பார்த்துவிடலாம் என்று சிலர் திட்டம் போடுகிறார்கள். அது கூட்டமும் புழுக்கமும் சேர்ந்த சமயம். கயா சிராத்தத்துக்கு எல்லாக் காலமும் உகந்ததே என்பது சாஸ்திரம் அறிந்தவர்கள் சொல்வது. உங்கள் வீட்டு வாத்தியாரைக் கேட்டுப் பாருங்கள்.

மார்கழியும் தையும்

"வெயிலும் வேண்டாம், மழையும் வேண்டாம். அரைப் பரீட்சை லீவில் போகலாமே?" என்று வீட்டம்மாள் கேட்கக் கூடும். நியாயமான யோசனைதான், ஆனால் அப்போது மூடுபனி என்று ஒன்று குறுக்கே நிற்கிறது. டிசம்பர் பாதி முதல் ஜனவரிக் கடைசி வரை, காற்று அசையாத இரவுகளில் கங்கைச் சமவெளி முழுவதும் வெள்ளைப் போர்வை போர்த்துக்கொள்ளும். எதிர்க் கரை தெரியாது. சில நாள் பகல் முழுதும் சூரியனே தெரியாது. ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். சில ரயில்களைப் பனிக்காலம் முடியும்வரை ரத்தே செய்துவிடுவார்கள். ஆகாய விமானமும் இறங்க முடியாமல் வேறு ஊருக்குப் போய்விடுவது உண்டு. அந்த மாதங்களில் போவதானால் ஒரு நாளாவது கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பளியும் காலுறையும் மறக்க வேண்டாம். புகையும் பனியும் கலந்த காற்று ஆஸ்த்மாக்காரர்களுக்கு ஆகாது.

அப்படியானால் எப்போது?

இரண்டு நல்ல பருவங்கள் இருக்கின்றன.

முதலாவது, ஐப்பசிப் பின்பாதியும் கார்த்திகையும். நமக்கு இது அடைமழைக் காலம். குடையும் கையுமாக நாம் அலைகிற அதே நாட்களில் காசியில் வானம் நிர்மலமாக இருக்கும். தென்மேற்குப் பருவமழையை நம்பியிருக்கும் ஊர் அது. நமக்கு மழை தரும் வடகிழக்குப் பருவமழை அங்கே இல்லை. நவம்பரில் பகல் 29 டிகிரி, இரவு 15 டிகிரி சுமாரில் இருக்கும். கோடையில் நம்மை வாட்டிய காலை வெயிலே அப்போது ஸ்நானம் செய்து ஏறியவுடன் இதமாக இருக்கும். தீபாவளியை ஒட்டிச் சில நாட்கள் மட்டும் தங்க அன்னபூரணியின் தரிசனம் கிடைக்கும். அடுத்து வரும் பௌர்ணமியில் படித்துறைகள் எங்கும் தேவ தீபாவளி விளக்குகள். ஆனால் இவ்விரண்டு சமயங்களிலும் கூட்டம் நெருக்கித் தள்ளும். முழங்கால் வலிக்காரர்களை அழைத்துப் போகிறவர்கள் இரண்டுக்கும் நடுவில், அல்லது பௌர்ணமி கழித்துப் போவது நலம். அக்டோபர் முதலில் போக வேண்டாம். வெள்ளம் விட்டுப் போன வண்டலைப் படிகளிலிருந்து அப்போதும் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாவது, மாசியும் பங்குனி முதல் வாரமும். பனி விலகியிருக்கும், 'லூ' பிறந்திருக்காது. படகு தாராளமாக ஓடும். மூச்சுத் தொல்லை உள்ளவர்களுக்கு நவம்பரைவிட இதுவே மேல். சிவராத்திரியை முன்பின்னாகத் தள்ளிவிடுங்கள். ஹோலியன்று மத்தியானம் வரையில் அறையை விட்டுக் கிளம்பாதீர்கள். கிளம்பினால் வேஷ்டியின் நிறம் உங்கள் பொறுப்பு! பிரயாகையில் கும்பமேளா நடக்கும் வருஷமானால் இந்தப் பருவத்தையே விட்டுவிடுங்கள். 2025இல் அந்தக் கூட்டம் காசி வரையில் வழிந்தது.

காசித் தமிழ்ச் சங்கமம் நடந்த தேதிகளையும் பாருங்கள். 2022இல் நவம்பர், டிசம்பர், 2023இல் டிசம்பர், 2025இல் பிப்ரவரி. தமிழ்நாட்டு விருந்தாளிகளைக் கோடையில் ஒரு தடவையும் கூப்பிடவில்லை.

குழந்தைகளின் லீவு என்ன ஆவது? அவர்களைப் பாட்டி வீட்டிலோ சித்தி வீட்டிலோ ஒரு வாரம் விட்டுச் செல்லலாம். அவர்கள் வளர்ந்த பிறகும் காசி அங்கேயேதான் இருக்கும். அப்பாவின் கால்களுக்கும் அம்மாவின் மூச்சுக்கும் அப்படி உத்தரவாதம் சொல்ல முடியாது. ஆகவே கோடை லீவைக் குழந்தைகளுக்குக் கொடுங்கள். நவம்பரிலோ பிப்ரவரியிலோ ஒரு வாரம் ஆபீஸில் ரஜா கேட்டு வாங்கி, அதைப் பெற்றோருக்குக் கொடுங்கள்.