கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தின் பொருண்மைச் சமநிலைக் கணக்கு

கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் எதையும் உண்டாக்குவதுமில்லை, அழிப்பதுமில்லை. உள்ளே வரும் நீரையும் உப்பையும் இரு வழிகளில் பிரித்து அனுப்புகிறது, அவ்வளவே. ஆகவே உள்ளே வந்ததும் வெளியே சென்றதும் சமமாக இருக்க வேண்டும். பொருண்மை அழியா விதியின் இந்த நேரடிப் பயன்பாடே பொருண்மைச் சமநிலைக் கணக்கு எனப்படுகிறது.

சென்னைக்கு வடக்கே மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010-இலும், தெற்கே நெம்மேலியில் 2013-இலும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் நிலையங்கள் செயல்படத் தொடங்கின. இரண்டிலும் பயன்படுவது எதிர்ச் சவ்வூடு பரவல் முறை. இதே அளவுள்ள ஒரு நிலையத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கீழே வரும் மற்ற எண்கள் கணக்கிற்காக எடுத்துக்கொண்டவை.

நன்னீர் 10 கோடி லிட்டர் என்பது 1,00,000 டன். சவ்வுக்குள் செலுத்தப்படும் நீரில் 40 விழுக்காடு நன்னீராகிறது எனில், செலுத்த வேண்டியது 1,00,000 ÷ 0.40 = 2,50,000 டன். மீதி 1,50,000 டன் செறிந்த உவர்நீராக வெளியேறும். இது நீர்க்கணக்கு.

அடுத்தது உப்புக்கணக்கு. ஒரு டன் கடல்நீரில் 35 கிலோ உப்பு எனக் கொண்டால், ஒரு நாளில் உள்ளே வரும் உப்பு 8,750 டன். நன்னீரில் டன்னுக்கு 0.3 கிலோ மட்டுமே இருந்தால் அதனுடன் செல்வது 30 டன். எஞ்சிய 8,720 டன்னும் உவர்நீரில் இருந்தாக வேண்டும். 8,720-ஐ 1,50,000-ஆல் வகுத்தால் டன்னுக்கு 58.1 கிலோ.

இங்கே மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது அலகில்தான். 35 என்பது ஒரு கிலோ கடல்நீரில் உள்ள கிராம். ஒரு லிட்டர் கடல்நீரின் நிறையோ ஏறத்தாழ 1.025 கிலோ. நீரை லிட்டரில் அளந்து 35-ஆல் பெருக்கினால், மேற்கண்ட கணக்கில் ஏறத்தாழ 200 டன் உப்பு காணாமல் போய்விடும்! நன்னீரில் செல்லும் மொத்த உப்பே 30 டன்தான் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதே காரணத்தால் சவ்வில் கிழிசல் ஏற்பட்டதா என்பதைக் கழித்தல் கணக்கால் கண்டுபிடிக்க முடியாது. நன்னீரில் கசியும் உப்பு 30 டன்னிலிருந்து 60 டன்னாக இரட்டித்தாலும், உவர்நீரின் உப்பு 8,720-லிருந்து 8,690 ஆகும். 0.3 விழுக்காட்டு மாற்றம் அளவுக்கருவிகளின் பிழைக்குள் மறைந்துவிடும். குடிப்பவருக்கு அது சிறிய மாற்றமல்ல. டன்னுக்கு 0.6 கிலோ என்பது லிட்டருக்கு ஏறத்தாழ 600 மில்லிகிராம். இந்தியக் குடிநீர்த் தரத்தில் கரைந்த திண்மங்களுக்கு ஏற்கத்தக்க வரம்பு 500. எனவே நன்னீரின் மின்கடத்துதிறனைத் தனியே, இடைவிடாமல் அளக்கிறார்கள்.

கூடுதல் நன்னீரை ஏன் எடுக்கக்கூடாது என்ற கேள்வி எழலாம். பாதியை எடுத்துப் பார்ப்போம். உள்ளே 2,00,000 டன் நீர், 7,000 டன் உப்பு. வெளியே 1,00,000 டன் உவர்நீரில் 6,970 டன் உப்பு, அதாவது டன்னுக்கு 69.7 கிலோ. கடலிலிருந்து எடுக்கும் நீர் குறைகிறது, நல்லதுதான். ஆனால் செறிவு கூடக் கூடச் சவ்வூடு பரவல் அழுத்தமும் கூடும். கடல்நீருக்கு 27 பார் அளவிலிருக்கும் அது, இந்த உவர்நீரில் இரு மடங்கைத் தாண்டும். பம்பு அதையும் மீறித் தள்ள வேண்டும். மின்செலவும், சவ்வில் உப்புப்படிவமும் கூடும்.

சவ்வுக்கு முன்னுள்ள வடிகட்டிகளைக் கழுவவும் நீர் வேண்டும். எடுத்த நீரில் 5 விழுக்காடு அதற்குப் போனால், கடலிலிருந்து எடுக்க வேண்டியது 2,50,000 ÷ 0.95, ஏறத்தாழ 2,63,000 டன். முதல் கணக்கில் இதை விட்டுவிட்டால் உறிஞ்சு குழாய் சிறிதாகிவிடும்.

உவர்நீர் திரும்பக் கடலுக்கே செல்கிறது. மீனவர்கள் கவலை கொள்வதும் இந்த இடத்தைப் பற்றித்தான். 58.1 கிலோ செறிவுள்ள ஒரு டன் உவர்நீரை, கடலின் 35-ஐவிட 2 மட்டுமே கூடுதலான 37-க்குக் கொண்டுவர எவ்வளவு கடல்நீர் கலக்க வேண்டும்? அதை x டன் என்க. 58.1 + 35x = 37(1 + x). x ஏறத்தாழ 10.6. ஒரு நாளின் உவர்நீருக்கு ஏறத்தாழ 16 லட்சம் டன் கடல்நீர் வேண்டும். உவர்நீர் கடல்நீரைவிடக் கனமானது. குழாய் முனையில் வேகமாகப் பீய்ச்சிக் கலக்காவிட்டால், அது அடித்தரையிலேயே படர்ந்து தங்கும்.