கெலரில் கிடக்கும் கசெற்றுகள்



1930இல் பேர்லினில் ஒரு மௌனப் படம் வெளியானது. பெயர் 'மென்ஷன் அம் ஸொன்ராக்', அதாவது 'ஞாயிற்றுக்கிழமை மனிதர்கள்'. முக்கிய பாத்திரங்களில் வந்த ஐவரும் தொழில்முறை நடிகர்கள் அல்லர். டாக்சி ஓட்டுபவர் டாக்சி ஓட்டுபவராகவே வருகிறார். இசைத்தட்டு விற்கும் பெண்ணும் அப்படித்தான். ஞாயிறன்று வான்சே ஏரிக்குப் போகிறார்கள், குளிக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், வீடு திரும்புகிறார்கள். கதை அவ்வளவுதான்.

திரைக்கதை எழுதிய பில்லி வைல்டரும் இயக்குநர்களில் ஒருவரான ரொபேர்ட் சியோட்மாக்கும் யூதர்கள். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். பின்னர் அமெரிக்காவில் புகழ் பெற்றார்கள். படத்தில் தெரியும் நகரத்தின் பெரும்பகுதி போரில் இடிந்தது. மூல நெகட்டிவும் தொலைந்தது. நெதர்லாந்தில் எஞ்சியிருந்த ஒரு பிரதியைக் கொண்டுதான் பிற்காலத்தில் படத்தை மீட்டெடுத்தார்கள்.

இதை ஏன் சொல்கிறேன்? 1980களிலும் 90களிலும் நாம் எடுத்த திருமண, பிறந்தநாள், தமிழ்ப் பாடசாலை விழா வீடியோக்கள் பல வீடுகளில் கெலரில் கிடக்கின்றன. இன்று இல்லாத பெரியவர்கள் அவற்றில் நடக்கிறார்கள், பேசுகிறார்கள். ஈரத்தாலும் வயதாலும் நாடாவின் காந்தப்பூச்சு கெட்டுவிடும். வீ.எச்.எஸ். டெக் தயாரிப்பும் 2016இல் நின்றுவிட்டது.

கணக்கு எழுதுபவனுக்குத் தெரியும்: மூலச்சீட்டுத் தொலைந்தாலும் பிரதி இருந்தால் கணக்கு நிற்கும். ஆகவே கசெற்றுகளைக் கணினியில் பதியுங்கள். இரண்டு பிரதிகளை இரண்டு வீடுகளில் வையுங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயர், ஊர், திகதி ஆகியவற்றை, தெரிந்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.