பாலிகஞ்ச் ஏரியிலிருந்து தீஸ்தா ஆற்றுக்கு: உங்களுக்குத் தெரியுமா?

● பாலிகஞ்சை ஒட்டிக் கிடக்கும் ரவீந்திர சரோவர் இயற்கை ஏரி அல்ல, வெட்டிய ஏரி. 1920களில் கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் சதுப்பு நிலத்தைத் தோண்டி உருவாக்கியது. தோண்டிய மண்ணைப் போட்டுச் சுற்றுப்புறத்தை மேடாக்கினார்கள். டாக்குரியா ஏரி என்ற பழைய பெயர் 1958இல் தாகூரின் பெயராக மாறியது. லேக் மார்க்கெட் பக்கம் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்குத் தலைமுறைகளாக இதுதான் காலை நடைக்குரிய இடம். துடுப்புப் பிடிப்பவர்களுக்கோ இது பள்ளிக்கூடம். 1858இல் தொடங்கிய கல்கத்தா ரோயிங் கிளப் இன்றும் இந்தக் கரையில்தான் இருக்கிறது.

● ரோயிங் படகில் உட்கார்ந்திருப்பவர் போகும் திசைக்கு முதுகைக் காட்டியிருப்பார். கயாக்கில் முகம் முன்னால் பார்க்கும். துடுப்புக்கு இரண்டு முனையிலும் தட்டு உண்டு. ஓடுகிற ஆற்றுக்கு இதுதான் பொருந்தும். அடுத்த பாறை எங்கே, தண்ணீர் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்பதைக் கண்ணால் படித்துக்கொண்டே இறங்க வேண்டுமே!

ஏரியில் பழகியவருக்குச் சமநிலையும், தோளைவிட இடுப்பைத் திருப்பித் துடுப்புப் போடும் பழக்கமும் வந்திருக்கும். அடிப்படையில் பாதி அது. மீதிப் பாதியை நகரும் தண்ணீர்தான் கற்றுத்தர முடியும். கொல்கத்தாக்காரர்களுக்கு அந்தத் தண்ணீர் சியால்டாவிலிருந்து ஓர் இரவு ரயில் தூரத்தில், வடவங்க மலையடிவாரத்தில், தீஸ்தாவாக ஓடுகிறது.

● ஆற்று வேகங்களை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிக்கிறார்கள். ஒன்று, சலசலப்பு மட்டும். ஆறு, உயிரைப் பணயம் வைக்கிற இடம். தொடக்க நிலையைத் தாண்டியவர் பயிற்சியாளருடன் மூன்றாம் தரத்தை நோக்கிப் போகிறார்: ஒழுங்கில்லாத அலைகள், பாறைகளுக்கு நடுவே குறுகிய வழி, சட்டென்று திரும்ப வேண்டிய வளைவுகள். ஆனால் தரம் என்பது கல்வெட்டு அல்ல. மலையில் ஒருநாள் மழை கொட்டினால், நேற்று இரண்டாம் தரமாக இருந்த அதே இடம் இன்று மூன்றைத் தாண்டிவிடும். புத்தகத்தில் போட்டிருக்கும் எண்ணைவிட, அன்று காலை கரையில் நின்று பார்த்தவரின் சொல்லுக்கே மதிப்பு.

● தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை 1,000 கிலோ. இதைப் பலத்தால் எதிர்த்து ஜெயிக்க எந்தத் தோளாலும் முடியாது. இடைநிலைப் பயிற்சி முழுக்க, தண்ணீரோடு மல்லுக்கு நிற்பதை விட்டுவிட்டு அதன் சரிவையும் திருப்பத்தையும் பயன்படுத்தக் கற்பதுதான்.

● வேகமாக ஓடும் ஆற்றில் முதலில் கற்க வேண்டியது எது தெரியுமா? நிற்பது.

ஆற்றின் நடுவே ஒரு பெரிய பாறை இருந்தால், தண்ணீர் அதன் இருபுறமும் பிரிந்து பாயும். பாறைக்குக் கீழ்ப்புறம் உண்டாகும் வெற்றிடத்தை நிரப்ப, கொஞ்சம் தண்ணீர் மேல்நோக்கித் திரும்பி வரும். இந்த எதிரோட்டத்தைக் கயாக் ஓட்டுபவர்கள் ‘எடி’ என்கிறார்கள். சுற்றிலும் ஆறு பாய்ந்துகொண்டிருக்க, அதற்குள் நுழைந்த படகு அசையாமல் நிற்கும். மூச்சு வாங்கலாம், அடுத்த பகுதியைப் பார்க்கலாம், நண்பருக்காகக் காத்திருக்கலாம். மூன்றாம் தர ஆற்றில் ஒரே மூச்சில் இறங்குவதில்லை. எடியிலிருந்து எடிக்கு இறங்குகிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், எடிக்கும் ஓட்டத்துக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. கோட்டின் இந்தப் பக்கம் தண்ணீர் மேல்நோக்கியும் அந்தப் பக்கம் கீழ்நோக்கியும் போகிறது. படகின் மூக்கு கோட்டைத் தாண்டியதும் ஓட்டம் அதைப் பிடித்துத் திருப்பும். அப்போது, சைக்கிளில் வளைவு எடுப்பதுபோல, திரும்பும் பக்கமே சாய வேண்டும். பயந்து எதிர்ப்பக்கம் சாய்ந்தால், ஓட்டம் படகின் விளிம்பில் ஏறி ஒரு நொடியில் கவிழ்த்துவிடும். புதியவர்கள் பெரும்பாலும் கவிழ்வது பெரிய அலையில் அல்ல, இந்தக் கோட்டில்தான். நல்ல பயிற்சியாளர் ஒரே பாறைக்குப் பின்னால் மாணவரை அரைநாள் உள்ளே வரவும் வெளியே போகவும் வைப்பார். சலிப்பாக இருக்கும். அந்த அரைநாளைக் குறைக்கச் சொல்லாதீர்கள்.

● பாறையில் படகு பக்கவாட்டில் மோதப்போகிறது. எந்தப் பக்கம் சாய வேண்டும்? பாறையின் பக்கம்தான்! அதைக் கட்டிக்கொள்ள வேண்டும். விலகிச் சாய்ந்தால் மேலிருந்து வரும் தண்ணீர் படகைப் புரட்டிப் பாறையோடு வைத்து அழுத்திவிடும். உடம்பின் இயல்பான அச்சத்துக்கு நேர் எதிரான பாடம் இது. அதனால்தான் படித்துத் தெரிந்துகொண்டால் போதாது. பக்கத்தில் ஒருவர் இருந்து பழக்க வேண்டும்.

● கவிழ்ந்த கயாக்கிலிருந்து வெளியே வராமலே நிமிர்வதற்கு ‘ரோல்’ என்று பெயர். கிரீன்லாந்து இனுயிட் வேட்டைக்காரர்களின் கலை அது. உறைபனிக் கடலில் படகை விட்டு வெளியே வந்தால் உயிர் தங்காது. ஆஸ்திரியாவின் ஹான்ஸ் எடுவார்ட் பாவ்லாட்டா அந்த முறையைப் பற்றிப் படித்தே 1927இல் தானும் செய்துகாட்டினார். இங்கிலாந்தின் ஜினோ வாட்கின்ஸ் 1930-31இல் கிரீன்லாந்துக்கே போய் இனுயிட்டுகளிடம் நேரில் கற்றார். அத்தனை தேர்ந்தவர், 1932இல் தனியாகக் கயாக்கில் வேட்டைக்குப் போய்த் திரும்பவில்லை. அப்போது அவருக்கு வயது 25. ஆற்றுக்குத் தனியாகப் போகாதே என்று பயிற்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் திறமைக்குறைவு மட்டுமல்ல.

ரோலில் படகை நிமிர்த்துவது கை அல்ல, இடுப்பு. இடுப்பை வெட்டித் திருப்ப, முதலில் படகு எழும், பிறகு உடம்பு, கடைசியாகத் தலை. மூச்சுக்குத் தவித்துத் தலையை முதலில் தூக்கியவர் மறுபடி தண்ணீருக்குள் போவார். கனமான தலை கடைசியில் வந்தால்தான் கணக்குச் சரியாகும். இதை ஆற்றில் தொடங்க வேண்டியதில்லை. நீச்சல் குளத்தில், இடுப்பளவுத் தண்ணீரில், பயிற்சியாளர் இரண்டு கையாலும் படகைப் பிடித்துக்கொள்ளத் தொடங்கலாம். தென் கொல்கத்தாவில் நீச்சல் குளங்களுக்குப் பஞ்சமில்லை.

● மேலிருந்து பார்க்கையில், ஆற்றின் முகத்தில் ‘வி’ வடிவங்கள் தெரியும். கூர்முனை கீழ்நோக்கி இருந்தால் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஆழமான வழி. கூர்முனை உங்களை நோக்கி இருந்தால், அந்த முனையில் ஒரு பாறை ஒளிந்திருக்கிறது.

● ஆற்று இரைச்சலில் குரல் எடுபடாது. துடுப்பைச் செங்குத்தாகத் தூக்கினால் ‘வா’. கிடையாகப் பிடித்தால் ‘நில்’. மூன்று முறை விசில் என்றால் ஆபத்து. ஒரு விதி உலகம் முழுக்க ஒன்றுதான்: ஆபத்து இருக்கும் பக்கத்தைச் சுட்டிக்காட்டவே கூடாது, போக வேண்டிய பக்கத்தை மட்டும் காட்ட வேண்டும். அலைக்கு நடுவே இருப்பவர், காட்டிய திசை எதுவோ அங்கே போய்விடுவார்.

● படகை விட்டு வெளியே விழுந்துவிட்டால் எழுந்து நிற்க முயலாதீர்கள். முழங்கால் ஆழத்துக்கு மேல் ஓடும் தண்ணீரில் நின்றால், பாதம் கற்களுக்கிடையே மாட்டிக்கொள்ளும்; பின்னாலிருந்து ஓட்டம் உடம்பை முன்னே மடக்கிவிடும். மல்லாந்து, கால்களை மேலே தூக்கி, கீழ்நோக்கி நீட்டி மிதக்க வேண்டும். கரையிலிருந்து கயிற்றுப் பை வந்து விழுந்தால் கயிற்றைப் பிடிக்கலாம், கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது.

● இவ்வளவும் ஆற்றுக்கு மட்டுமான எச்சரிக்கை என்று நினைக்க வேண்டாம். 2022 மே 21 அன்று ரவீந்திர சரோவரில் படகுப் பயிற்சியில் இருந்த பள்ளி மாணவர்கள் இருவர், திடீரென்று வீசிய கால்பைசாகிப் புயலில் படகு கவிழ்ந்து இறந்தார்கள். ஓட்டமே இல்லாத ஏரி, நகரத்தின் நடுவே. அதன்பின் பயிற்சி நிறுத்திவைக்கப்பட்டு, பாதுகாப்பு விதிகள் வகுக்கப்பட்டன. பிள்ளைகளைத் தண்ணீருக்கு அனுப்பும் பெற்றோர், மீட்புப் படகு எங்கே, வானிலையைப் பார்ப்பவர் யார், ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை மாணவர் என்று கேட்பதில் கூச்சமே படக்கூடாது. பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் பணம் கட்டவும் கூடாது.

● தீஸ்தா இப்போது பழைய தீஸ்தா இல்லை. 2023 அக்டோபர் 4 அதிகாலையில், சிக்கிமின் தெற்கு லோனாக் பனியேரி உடைந்து வந்த வெள்ளம், சுங்தாங் அணையை அடித்துக்கொண்டு போனது. கீழே வங்கப் பகுதி வரை வண்டல் படிந்து ஆற்றுப் படுகையே உயர்ந்தது. இருந்த பாறைகள் புதைந்தன, இல்லாத திருப்பங்கள் முளைத்தன. வெள்ளத்துக்கு முன் மெல்லிப் பக்கம் இறங்கியவர் சொல்லும் வழியை அப்படியே நம்பிப் போகக் கூடாது. அங்கேயே இருந்து, மாறிய ஆற்றைப் பார்த்துவரும் வழிகாட்டி வேண்டும். கீழே ராம்பி, காளிஜோரா என்று இரண்டு மின்திட்ட அணைகள் இருப்பதால், தண்ணீர் எப்போது ஏறும் இறங்கும் என்பதையும் அவரிடமே கேட்க வேண்டும்.

● இமயமலை ஆறுகளில் மழைக்காலம் ஓய்வுக்காலம். தண்ணீர் தெளிந்து இறங்கும் அக்டோபரில்தான் பயிற்சி சூடுபிடிக்கும். கேரளத்தில் நேர் எதிர். கோழிக்கோடு மாவட்டத்தில், கோடஞ்சேரிப் பக்கத்துச் சாலிப்புழையும் இருவஞ்ஞிப்புழையும் தென்மேற்குப் பருவமழையில்தான் கயாக்குக்கு ஏற்றவையாகும். 2013 முதல் அங்கே மலபார் நதித் திருவிழா நடக்கிறது. வெளிநாட்டு வீரர்களும் வந்து போட்டியிடுகிறார்கள். முறையாகப் படிப்படியாகக் கற்க விரும்புபவர்கள் மணாலியிலுள்ள அடல் பிகாரி வாஜ்பாய் மலையேற்ற நிறுவனத்தின் நீர் விளையாட்டு வகுப்புகளையும் விசாரிக்கலாம். கோவையிலிருந்து கோடஞ்சேரிக்கு ரயிலும் பேருந்துமாக ஒரு பகல் போதும். ஜூலையில் அங்கே எடியில் நிற்கப் பழகியவர், அதே ஆண்டு அக்டோபரில் தீஸ்தாவுக்குப் போகலாம்.